ஊர் குழு: கீழவயல் மனை விஷயம்

மெய்யப்பன்: சொக்கண்ணே, கூகுள் எர்த்ல பழைய படம் பாத்தேன். மடைக்குக் கீழ வயல் முன்னாடி ஒரே வெளுப்பு. இப்பப் பச்சை. வெள்ளாமை திரும்பிருச்சா?

சொக்கலிங்கம்: எந்த மாசத்துப் படம்?

மெய்யப்பன்: புதுசு மே. பழசும் மேதான்.

சொக்கலிங்கம்: அப்ப வெள்ளாமை இல்ல தம்பி. ஆவணி, புரட்டாசியில விதைச்சு தை, மாசியில அறுக்குற கம்மாய்ப் பாசனத்துல மே மாசம் ஏது நெல்லு? ஒண்ணு சீமைக்கருவை, இல்ல தைலமரம், இல்ல போர்வெல் தண்ணிப் பயிரு. நெல்லப் பாக்கணும்னா டிசம்பர் படத்த டிசம்பர் படத்தோட வச்சுப் பாரு.

கருப்பையா: கிட்டக் கொண்டு போனாத் தெரிஞ்சிரும் மாப்ள. தைலமரம் கோடு போட்ட மாதிரி வரிசை. முந்திரி வட்ட வட்டமா. கருவை திட்டுத் திட்டா, வரப்பு மேலயும் ஏறி நிக்கும்.

மெய்யப்பன்: திட்டுதான் 😔

வள்ளி ஆச்சி: அந்த வயலத்தான் மனைக்குக் கேக்குறாக. பட்டாவுல 0.40.5னு இருக்கு. எம்புட்டு அது?

சொக்கலிங்கம்: அது ஹெக்டேர், ஏர் கணக்கு. 40.5 ஏர் ஆச்சி. ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக நூறு சென்ட், ஒரு ஏக்கர். நன்செய்யா புன்செய்யா?

வள்ளி ஆச்சி: நன்செய்.

சொக்கலிங்கம்: அப்ப அனுமதிக்குக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகணும். அங்கீகாரம் இல்லாத மனை 20.10.2016க்கு முன்ன மனையாவே பதிவாகியிருக்கணும். இல்லாட்டி பத்திரம் பதியாது. புரோக்கர் பேச்ச நம்பாதீக.

வள்ளி ஆச்சி: நிலம் மாறுறது புதுசா தம்பி? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்துத்தானே காரைக்குடியில செக்ரி, அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வந்துச்சு.

கருப்பையா: மாறட்டும் ஆச்சி, வரத்துக்கால, அதான் கம்மாய்க்குத் தண்ணி வர்ற வாய்க்கால, தூர்க்காம மாறட்டும். நம்மது செம்புறைப் பூமி, இறுகுன செம்மண்ணு. மேட்டுல பெய்யிற மழை ஓடித்தான் கம்மாய்க்கு வரும். இப்ப மேட்டுலயும் கிராவல் குழி, பாதித் தண்ணி அதுலயே நின்னுருது. மிச்சம் வர்ற வரத்துக்காலையும் மூடுனா ஐப்பசியில தண்ணி மனைக்குள்ளதான் வரும்.

மெய்யப்பன்: வரத்துக்கால் எங்க போகுதுன்னு எப்படிப் பாக்குறது?

சொக்கலிங்கம்: கிராம வரைபடம் வாங்கு. கால் தனி சர்வே நம்பரா, வளைஞ்சு நெளிஞ்சு போகும். அந்த நம்பர அ-பதிவேட்டுல, அதான் ஊர் நிலக் கணக்குல, பாரு, புறம்போக்குன்னு இருக்கும். பட்டாவுல தேடாத, அதுல வராது.

மெய்யப்பன்: சரிண்ணே. கருவைய ஜேசிபி வச்சு எடுத்துறலாமா?

கருப்பையா: மேலாக வெட்டுனா மறுபடி நாலு கொப்பா வெடிக்கும். தூரோட தோண்டி எடுக்கணும். காய் உதிர்றதுக்கு முன்ன எடு. ஆடு தின்னு புழுக்கை போட்டுச்சுன்னா அடுத்த மழைக்கு வயல் பூரா கருவைக் கண்ணுதான்.

வள்ளி ஆச்சி: வரைபடம் வரட்டும். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்கலப்பா.