மலாவி மிஷன் மருத்துவமனைகளில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் செவிலியர் தொண்டு: அனுபவப் பகிர்வு

பழைய சிஸ்டர்

ஓய்வு பெற்றபின் மூன்று மாதம், ஆறு மாதம் என்று மலாவி கிராமங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இந்த இழை. கடவுளின் அழைப்பைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது அவரவர் ஜெபத்தில் முடிந்த விஷயம். வார்டில் எது நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

நான் காகிதத்தில் ஆரம்பிக்கிறேன். அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவமனைகள் பெரும்பாலும் 'சாம்' என்னும் மலாவி கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தின் கீழ் வரும். 1966 முதல் இருக்கும் அமைப்பு. ஆனால் நோயாளியைத் தொட அனுமதி தருவது சபையோ பிஷப்போ அல்ல, மலாவியின் நர்ஸ்-மிட்வைஃப் கவுன்சில். தற்காலிகப் பதிவு இல்லாமல் ஒரு ஊசிகூடப் போடக்கூடாது. அதற்கு நம் ஊரில் உள்ள உங்கள் நர்ஸ் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு 'இனி எதற்கு' என்று புதுப்பிக்காமல் விட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். டிக்கெட்டுக்கு முன்னால் இது.

மாத்திரைப் பெட்டி

நோயாளிக்கு முன் நம் உடம்பு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மலாவி எல்லாரிடமும் கேட்பதில்லை. அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து வருபவரிடமும், அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவரிடமும் கேட்கும். அடிஸ் அபாபா, நைரோபி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அறுபதைத் தாண்டியபின் முதல்முறையாக இந்த ஊசி போடுகிறவர்களுக்கு உள்ளுறுப்புகளைத் தாக்கும் பக்கவிளைவின் அபாயம் இளையவர்களைவிடக் கூடுதல். ஆகவே விலை குறைவு என்று 14 மணி நேரக் காத்திருப்புள்ள டிக்கெட்டை வாங்கிவிட்டு அப்புறம் ஊசிக்கு ஓடாதீர்கள். டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மி.கி. கிளம்புவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். எலும்புக்காகக் கால்சியம் சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டால் டாக்ஸிசைக்ளின் உடம்பில் சேராது. இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அடுத்த சில மணிக்குள், தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அதில் இப்போது டோலுடெக்ராவிர் இருக்கிறது. அது சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்த 28 நாளும் மெட்ஃபார்மின் தினம் 1000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. பதற்றத்தில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்ல வேண்டும்.

பிரஷருக்கு நீர்பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் தெற்கே ஷைர் பள்ளத்தாக்குக்கு அக்டோபர், நவம்பரில் போவதைத் தவிர்ப்பது நல்லது. சிக்வாவா, ந்சாஞ்ஜே பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்.

குழந்தைகள் வார்டு

மழை நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை. மலேரியாவும், வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்து பஞ்சம் வரும் மாதங்களும் ஒன்றாக வரும். உங்கள் கை உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். அதே மாதங்களில்தான் சாலையும் இருக்காது.

கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி. 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4 மி.கி. சேர்த்தவுடன், 12 மணியில், 24 மணியில், பிறகு தினம் ஒருமுறை. 60 மி.கி. குப்பியில் கூடவே வரும் பைகார்பனேட் 1 மி.லி. விட்டுக் குலுக்கினால் முதலில் கலங்கும், பிறகு தெளியும். தெளியாவிட்டால் தூக்கிப்போடுங்கள். அப்புறம் நரம்பில் போட 5 மி.லி. சலைன் சேர்த்தால் 1 மி.லி.க்கு 10 மி.கி. தசையில் போட 2 மி.லி. சேர்த்தால் 1 மி.லி.க்கு 20 மி.கி. ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

தவறு நடப்பது இங்கே. 12 கிலோ குழந்தைக்கு 36 மி.கி. வேண்டும்: நரம்பில் 3.6, தசையில் 1.8 மி.லி. ஒருவர் நரம்புக்காகக் கலக்கி வைக்க, ஷிஃப்ட் மாறிய அடுத்தவர் தசைக் கணக்கில் 1.8 எடுத்தால் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும். கலக்கியவரே போடுங்கள், முடியாவிட்டால் குப்பியில் பிளாஸ்டர் ஒட்டி '10' அல்லது '20' என்று எழுதுங்கள்.

சர்க்கரை அளக்கும் கருவி அங்கே மில்லிமோல் காட்டும். நமக்கு மி.கி. பழக்கம். 18-ஆல் பெருக்குங்கள். 2.2 என்பது 40, அது ஆபத்தான தாழ்வு. அந்தப் பிள்ளைக்கு உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 5 மி.லி. கையில் 50 சதவீதம்தான் இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு ஊசித் தண்ணீர்.

நம் ஊர் வழக்கத்தில் இன்னொரு ஆபத்து, வாடிய பிள்ளையைக் கண்டதும் 'ஒரு பாட்டில் ஏத்திடலாம்' என்பது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு அதிர்ச்சி நிலை (ஷாக்) இல்லாமல் ட்ரிப் போட்டால் இதயம் தாங்காது. வாய்வழிதான், அதற்கென்று உள்ள ரீசோமால் கரைசல்தான். சாதாரண ஓ.ஆர்.எஸ்.ஸில் உப்பு அதிகம். உணவும் எஃப்-75 என்னும் செறிவு குறைந்த சிகிச்சைப் பாலில் தொடங்க வேண்டும், 'தெம்பு வரட்டும்' என்று முதல் நாளே செறிவு கூடிய எஃப்-100 கொடுக்கக் கூடாது.

தாய்சேய்

மரத்தடி முகாமில் எடைத் தராசை மட்டும் நம்பாதீர்கள். வீக்கம் உள்ள பிள்ளைக்கு நீரே எடையைக் கூட்டிக் காட்டும். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பாருங்கள், குழி நின்றால், மேல்கைச் சுற்றளவை அளக்கும் நிற நாடா பச்சை காட்டினாலும் அது கடும் ஊட்டக்குறைவுதான். நாடாவை இடது மேல்கையின் நடுவில் சுற்ற வேண்டும், 115 மி.மீ.க்குக் கீழே சிவப்பு. இறுக்கிச் சுற்றினால் ஊரே சிவப்பாகத் தெரியும்.

முகாமை நடத்துவது எச்.எஸ்.ஏ. எனும் கிராம சுகாதாரப் பணியாளர். எந்த வீட்டில் தடுப்பூசி பாக்கி என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு நீங்கள் உதவியாள், மேற்பார்வையாளர் இல்லை.

பிரசவ அறையில், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா என்று கேளுங்கள். வெப்பத்தில் கெட்ட குப்பி பார்வைக்கு அப்படியே இருக்கும். போட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால்தான் தெரியவரும்.

கேள்வி

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? ஜெபிக்கலாமா நோயாளிக்காக?

பழைய சிஸ்டர்

'முலி ப்வாஞ்ஜி' என்று நலம் கேட்காமல் பிரஷர் கருவியைக் கையில் எடுக்காதீர்கள். அது மரியாதைக் குறைவு. அங்கே பேசும் சிச்சேவா மொழியில் 'மலுங்கோ' என்றால் மலேரியா, சாதாரணக் காய்ச்சலுக்கும் அதே சொல். 'மலுங்கோ' என்று அம்மா சொன்னதை நோய்ப்பெயராக எழுதிவிட்டால் நிமோனியா தப்பிவிடும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நரைத்த தலைக்கு 'அகோகோ', அதாவது பாட்டி தாத்தா, என்ற அழைப்பு கிடைக்கும். இளம் தாய்மார்கள் அப்போது கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவார்கள். வயதால் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான்!

ஜெபம் காலையில் ஊழியர்களோடு நடக்கும். படுக்கையருகில் என்றால் கேட்டுவிட்டு மட்டும். மங்கோச்சி பக்கம் ஏரிக்கரையில் யாவோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். சிகிச்சைக்குக் கூலியாக ஜெபம் கேட்கிறோம் என்று தோன்றிவிடக் கூடாது.

மாத்திரைப் பெட்டி

பெட்டியில் என்ன வைப்பது என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: வினாடி முள் உள்ள கடிகாரம், தலையில் கட்டும் டார்ச், உங்கள் மாத்திரைகள் முழுக் காலத்துக்கும், கூட ஒரு மாதத்துக்கும். காலாவதி நெருங்கிய சாம்பிள் மருந்துகளை 'தர்மத்துக்கு' அள்ளிக்கொண்டு போகாதீர்கள். அவற்றை எரித்து அழிக்கும் வேலை அவர்கள் தலையில்தான் விழும்.

வாசிப்புக் கண்ணாடி இரண்டு. மலேரியா சோதனைப் பட்டையில் மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். அந்தக் கோடு சாளரமில்லாத அறையில், மின்சாரம் போன நேரத்தில், கண்ணாடி இல்லாத அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரியாது. வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில், பெட்டியில் குறித்த நிமிடத்துக்குள் பாருங்கள்.