பட்டன்3-ன் ஃபங்ஷன் பேரை மாத்தினதும் ஃபார்ம் திறக்க மாட்டேங்குது, உதவுங்க

புதுக்கோடர்:
சி ஷார்ப் மொழி, வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஜன்னல்களைக் கட்டுற கருவித்தொகுப்பு). ஒரே ஃபார்ம்ல 14 பட்டன். எல்லாம் விஷுவல் ஸ்டுடியோ (கோடு எழுதற மென்பொருள்) தானா வச்ச பேர்தான்: பட்டன்1, பட்டன்2... நேத்து சேமிக்க எழுத வேண்டிய கோடை அழிக்கிற பட்டனுக்குள்ள எழுதி வச்சிருக்கேன். சரி, பேரை மாத்துவோம்னு பட்டன்3_கிளிக் ஃபங்ஷனை சேவ்_கிளிக்னு திருத்தினேன். இப்போ எரர் சிஎஸ்1061 (அந்தப் பேர்ல எதுவும் இல்லைங்கற எரர்), டிசைனரும் (ஃபார்மை வரையற திரை) திறக்கலை. பேர் வைக்க ஏதாவது முறை இருக்கா?

அரைப்புள்ளி:
பயப்படாதீங்க, எதுவும் அழியலை. எரர் மேல ரெண்டு தடவை கிளிக் பண்ணுங்க, ஃபார்ம்1.டிசைனர்.சிஎஸ் ஃபைலுக்குக் கொண்டுபோய் விடும். பட்டன்3.கிளிக் += வர்ற வரியில பழைய பேரே இருக்கும், அங்க புதுசைப் போடுங்க. இனிமே கையால திருத்தாம, பேர் மேல கர்சரை வச்சு கன்ட்ரோல் ஆர், மறுபடி கன்ட்ரோல் ஆர்; இந்த ரீநேம், கோடுல அந்தப் பேர் வர்ற இடத்தையெல்லாம் சேர்த்து மாத்தும். ப்ராபர்ட்டீஸ்ல நேமை மாத்தினா பட்டன் பேர் மட்டும்தான் மாறும். கிளிக் ஃபங்ஷன் பழைய பேர்லயே கிடக்கும்.

பழைய விபி ஆள்:
விபி6-ல (பழைய விஷுவல் பேசிக் 6) பட்டனுக்கு சிஎம்டி, டெக்ஸ்ட்பாக்ஸுக்கு டிஎக்ஸ்டி, லேபிளுக்கு எல்பிஎல்னு முன்னொட்டு வைப்போம். பேருக்கு முன்னால வகையைச் சுருக்கமா ஒட்டுற, சார்லஸ் சிமோனி கொண்டுவந்த ஹங்கேரியன் முறையோட வழித்தோன்றல். முகவரிக்கு ஒரு லேபிள், ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் இருக்கும்ல? ரெண்டுக்கும் முகவரின்னே பேர் வைக்க முடியாது. டிஎக்ஸ்டின்னு அடிச்சா எல்லா பெட்டியும் வரிசையா வந்து நிக்கும்.

அரைப்புள்ளி:
அண்ணா, நான் அந்த முன்னொட்டுப் பக்கம் இருந்து ஓடி வந்தவன். டிஎக்ஸ்டி_நிறம்னு ஒரு பெட்டி. அப்புறம் அதை காம்போபாக்ஸ் (பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கிற பெட்டி) ஆக்கினோம், பேரை யாரும் தொடலை. படிக்கிறவங்க எல்லாம் டெக்ஸ்ட்பாக்ஸ்னே நம்பினாங்க. இப்போ நிறம்_உள்ளீடு, நிறம்_லேபிள்னு வேலையை முன்னால வச்சு, வகையைப் பொதுவா பின்னால வைக்கிறேன்.

பழைய விபி ஆள்:
அது நியாயம்தான். ஆனா புதுக்கோடர் தம்பி, ஏற்கெனவே ஓடுற ப்ராஜெக்ட்ல சேர்ந்தா அங்க இருக்கிற முறையையே பிடிங்க. பாதி முன்னொட்டு, பாதி பின்னொட்டு பட்டன்3-ஐ விடக் கொடுமை.

புதுக்கோடர்:
டிசைனர் திறந்துடுச்சு, நன்றி! மத்த பட்டனையும் மாத்தினேன். பில்ட்ல எரர் இல்லை, ஆனா ஓட்டினா நல் ரெஃபரன்ஸ் எரர் (இல்லாத ஒண்ணைப் பயன்படுத்தினா வர்றது). ஒரு இடத்துல பட்டனைப் பேரால எடுக்க கன்ட்ரோல்ஸ்["பட்டன்5"]னு எழுதியிருக்கேன், அதுவா?

அரைப்புள்ளி:
அதேதான். மேற்கோளுக்குள்ள இருக்கிறதை ரீநேம் தானா தொடாது. தொடக்க மேற்கோள் குறியையும் சேர்த்து "பட்டன் -னு தேடுங்க, இன்னும் ரெண்டு மூணு ஒளிஞ்சிருக்கும்.