அயர்ன்பிரிட்ஜ் போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மே மாதம் அம்மாவோடு இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து அயர்ன்பிரிட்ஜ் ஊருக்குப் போகிறோம், இரண்டு நாள். செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் எழுப்பிய வார்ப்பிரும்புப் பாலத்தைப் பார்ப்பது என் பல வருட ஆசை. தச்சர் மரத்தைப் பொருத்துகிற மாதிரி ஒன்றின் முனையை மற்றதன் துளையில் செருகி இரும்பை இணைத்திருக்கிறார்கள். அதை அருகில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் ரயில் நிலையம் கிடையாது. டெல்ஃபோர்ட் சென்ட்ரலில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்குமா, டாக்ஸிதானா?

அப்புறம், தென்கரையில் பெந்தால் எட்ஜ் காடு. அம்மாவுக்குக் காட்டுப் பூக்கள் என்றால் உயிர், ஆனால் முழங்கால் வலியால் படி ஏற முடியாது. ஆற்றோரப் பழைய ரயில் பாதையில் மெதுவாக நடக்கலாமா? சேறு அதிகமா? நடுவில் உட்கார பெஞ்சு உண்டா? போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.