பெரியம்மாவின் சி.ஆர்.பி. ரிப்போர்ட்

குழு: அம்மா வீட்டுச் சொந்தங்கள்

[காலை 6:48] பெரியம்மா: எல்லோருக்கும் காலை வணக்கம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நேற்று ராத்திரி வந்தது. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பரவாயில்லை. எச்.எஸ்.சி.ஆர்.பி. என்று ஒன்று 3.8 காட்டுகிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறி வேறு. உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்குத் தூக்கமே வரவில்லை.

[6:55] மாமா: பயப்படாதே அக்கா. என் நண்பர் ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடுகிறார். வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது. அழற்சி, ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இரண்டையும் குறைக்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். இன்றைக்கே வாங்கி அனுப்புகிறேன்.

[7:02] நான்: மாமா, கொஞ்சம் பொறுங்கள், இன்று வாங்க வேண்டாம். பெரியம்மா, கடந்த இரண்டு மூன்று வாரத்தில் சளி, காய்ச்சல், பல்வலி என்று ஏதாவது வந்ததா?

[7:04] பெரியம்மா: பத்து நாளைக்கு முன்னால் ஈறு வீங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்டேனே. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

[7:11] நான்: நிறைய சம்பந்தம் இருக்கிறது. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். அதை மிகத் துல்லியமாக அளக்கும் பரிசோதனைதான் உங்கள் எச்.எஸ்.சி.ஆர்.பி. உடம்பில் எங்கே கிருமி நுழைந்தாலும், காயம் பட்டாலும் கல்லீரலுக்குத் தகவல் போகும், உடனே அது இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். ஈறு வீக்கத்துக்கும் ஏறும். அதனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. நன்றாகக் குணமாகி இரண்டு மூன்று வாரம் போன பிறகு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதய நோய் அபாயத்தைப் பார்க்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று வைத்துக்கொள்வார்கள். 10-ஐத் தாண்டினால் முதலில் எங்காவது தொற்று இருக்கிறதா என்று தேடுவார்கள்.

[7:15] அம்மா: கேட்டாயா அக்கா, இதற்காகவா ராத்திரி முழுக்க விழித்திருந்தாய்? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே.

[7:20] பெரியப்பா: அழற்சி என்றால் சிவந்து வீங்கி வலிக்க வேண்டாமா? அவளுக்கு ஈறும் சரியாகிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லையே.

[7:31] நான்: நல்ல கேள்வி பெரியப்பா. கையில் வெட்டுப்பட்டால் வரும் சிவப்பும் வீக்கமும் நம்மைக் காப்பாற்ற வருகிற அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். சாம்பலுக்கு அடியில் கங்கு கிடப்பதுபோல வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும் இன்னொரு வகை உண்டு. அது வலிக்காது, ஆனால் ரத்தக் குழாயையும் இன்சுலின் வேலை செய்வதையும் மெதுவாகக் கெடுக்கும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதற்கு ஒரு முக்கியமான காரணம். கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும். புகை, தூக்கக் குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அதை ஊதிவிடும்.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் இதன் கூடப்பிறந்தது. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். உடம்பின் சொந்த நொதிகள் அவற்றைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாத அளவுக்குச் சேர்ந்தால்தான் சிக்கல். ஒன்று கூடினால் மற்றதும் கூடும்.

[7:38] தம்பி: அக்கா, ஒரு சந்தேகம். உடற்பயிற்சி செய்தால் ஐ.எல்.-6 ஏறும் என்று படித்தேன். அதுவும் அழற்சிப் பொருள்தானே? ஃப்ரீ ராடிக்கலும் கூடுமாம். அப்படியென்றால் ஜிம்முக்குப் போவது கெடுதலா?

[7:52] நான்: வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடமே இதுதான்டா. இரண்டுமே கூடுவது உண்மை. மாரத்தான் ஓடி முடித்தவர் ரத்தத்தில் ஐ.எல்.-6 நூறு மடங்கு வரைகூட ஏறும்.

ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நோய் வந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் ஐ.எல்.-6-ஐ டி.என்.எஃப்.போடு சேர்த்து விடுகின்றன. நடக்கும்போது, ஓடும்போது வேலை செய்யும் தசையே அதைத் தனியாக விடுகிறது. அப்படி வந்தால் அது அழற்சியை அடக்குகிற ஐ.எல்.-10 போன்றவற்றைக் கூப்பிடுகிறது. சில மணி நேரத்தில் தானும் இறங்கிவிடுகிறது.

கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற ஆய்வாளரின் குழு செய்த சோதனை ஒன்று 2003-ல் வெளியானது. ஆரோக்கியமான ஆண்களுக்குப் பாக்டீரியாவின் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டார்கள். சும்மா ஓய்வில் இருந்தபோது டி.என்.எஃப். இரண்டு மூன்று மடங்கு ஏறியது. அதே ஆட்களை மூன்று மணி நேரம் சைக்கிள் மிதிக்கவைத்து அதன் நடுவே அதே ஊசியைப் போட்டபோது ஏறவே இல்லை. பயிற்சி இல்லாமல் ஐ.எல்.-6-ஐ மட்டும் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோதும் டி.என்.எஃப். அடங்கியே இருந்தது. முதல் தடவை இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு நடக்கக் கிளம்பினேன்.

[7:55] அத்தை: மூன்று மணி நேரமா! அண்ணியால் மூன்று தெரு நடக்க முடியாதேம்மா.

[7:58] நான்: அவ்வளவெல்லாம் வேண்டாம் அத்தை. ட்ரெட்மில்லில் 20 நிமிடம் மிதமாக நடந்த பிறகே டி.என்.எஃப். சுரக்கும் வெள்ளணுக்கள் கொஞ்சம் குறைந்ததை 2017-ல் காட்டியிருக்கிறார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் தினமும் நடந்தால் தினமும் கிடைக்கும்.

[8:06] தம்பி: ஃப்ரீ ராடிக்கல் கேள்விக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பயந்துதான் ஜிம் முடிந்ததும் வைட்டமின் சி 1000 மில்லிகிராம் போடுகிறேன், கூடவே வைட்டமின் ஈ.

[8:08] அம்மா: எத்தனை நாளாக இது? என்னிடம் சொல்லவே இல்லையே!

[8:21] நான்: தம்பி, நீ சொல்லும் அதே அளவைத்தான் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள், 2009-ல். 40 இளைஞர்கள், நான்கு வாரப் பயிற்சி. பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் சி, 400 யூனிட் ஈ. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, உடம்பின் சொந்தக் காப்பு நொதிகளும் கூடின. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஏனென்றால் பயிற்சியில் வரும் அந்தக் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான் செல்லுக்கு மணி அடிக்கிறது. மணி கேட்டால்தான் நொதிகளை அதிகம் செய்யும். அடிக்கும்போதே அதை அமுக்கிவிட்டால் செல்லுக்கு எப்படித் தெரியும்? நீ கஷ்டப்பட்டுச் செய்த பயிற்சியின் பலனை நீயே குறைத்துக்கொள்கிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டர் ஏதாவது குறைபாடு பார்த்து எழுதிக்கொடுத்தது இல்லையென்றால் விட்டுவிடு.

மாமா, உங்கள் நண்பர் சிகரெட் பிடிப்பவரா?

[8:24] மாமா: ஆமாம். தினமும் பத்தாவது இருக்கும். ஏன்?

[8:30] நான்: அப்படியென்றால் அவரிடம் இன்றைக்கே பேசுங்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. கேரட் சாப்பிடுவது வேறு, அதில் இருப்பதைப் பிரித்து மாத்திரையாக நிறையச் சாப்பிடுவது வேறு.

[8:33] மாமா: அட கடவுளே. இப்போதே போன் செய்கிறேன்.

[8:40] அத்தை: சரிம்மா, அப்போ காய்கறி, பழம் சாப்பிட்டால் ஆன்டிஆக்சிடன்ட் கிடைக்கும் என்கிறார்களே, அதுவும் பொய்யா?

[8:54] நான்: பொய் இல்லை அத்தை. காய் வேலை செய்கிற விதம்தான் வேறு. ப்ரோக்கோலி, முட்டைகோஸ் வகையை நறுக்கும்போது சல்ஃபோராஃபேன் என்று ஒன்று உண்டாகும். அது செல்லை லேசாகச் சீண்டுகிறது, செல் விழித்துக்கொண்டு தன் காப்பு நொதிகளைக் கூட்டுகிறது. தம்பிக்குச் சொன்ன அதே மணிதான். உடற்பயிற்சி ஒரு பக்கம் அடிக்கிறது, காய் இன்னொரு பக்கம்.

நார்ச்சத்தின் வேலை குடலில். நம்மால் செரிக்க முடியாத நாரைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களைச் செய்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் உணவு. சுவர் திடமாக இருந்தால் பாக்டீரியாவின் கழிவுகள் ரத்தத்துக்குள் கசியாது, அழற்சியும் கிளம்பாது. இதை எந்த மாத்திரை செய்யும்?

கனடாவில் ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், காய்கறி என்று ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், 2003-ல். கொழுப்பு அதிகம் இருந்த 46 பேர். அந்த உணவு சாப்பிட்டவர்களுக்கு சி.ஆர்.பி. 28 சதவீதம் குறைந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 33 சதவீதம். அதற்காக யாரும் ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள், பெரியப்பா உங்களைத்தான் சொல்கிறேன்.

[8:57] பெரியப்பா: நிறுத்த மாட்டேன். எனக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வேறு கொடுத்திருக்கிறார்கள். கீரை சாப்பிடலாமா?

[9:03] நான்: சாப்பிடலாம், ஆனால் ஒரே சீராக. கீரையில் வைட்டமின் கே அதிகம், வார்ஃபரின் அதற்கு எதிராக வேலை செய்கிறது. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்றால் மருந்தின் அளவு கலைந்துவிடும். கூட்டுவதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். இதை மறந்துவிடாதீர்கள் பெரியப்பா.

[9:08] அத்தை: மீன், முட்டையை முழுசாக விட்டுவிட வேண்டுமா?

[9:14] நான்: விட வேண்டிய கட்டாயம் இல்லை. தட்டில் பெரும்பகுதி செடியிலிருந்து வந்ததாக இருந்தால் போதும். மைதாவும் சர்க்கரையும்கூடச் செடியிலிருந்துதான் வருகின்றன, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காயும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால், முட்டைகூட வேண்டாம் என்று முழுக்கச் செடிக்கு மாறுகிறவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். அந்த மாத்திரைக்கு நான் எதிரி இல்லை.

[9:20] பெரியம்மா: எல்லாம் புரிகிறது கண்ணு. ஆனால் எனக்கு முட்டி வலி. நடந்தால்தான் அழற்சி குறையும் என்றால் நான் எங்கே போவேன்?

[9:29] நான்: நாற்காலியிலிருந்தே ஆரம்பிக்கலாம் பெரியம்மா. கை இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போட்டு உட்காருங்கள். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். முடிந்தவரை செய்துவிட்டு நிறுத்துங்கள். தொடைத் தசை பலமானால் முட்டியின் சுமை குறையும். அப்புறம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு, அதை முதல் வாரமே தொட வேண்டியதில்லை. அசையும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. முட்டி வீங்கினாலோ மறுநாளும் வலி குறையாவிட்டாலோ குறைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்லுங்கள்.

[9:32] பெரியப்பா: நானும் கூடச் செய்கிறேன். மறு பரிசோதனைக்கு மூன்று வாரம் தள்ளி போனில் நாள் குறித்துவிட்டேன்.

[9:47] மாமா: நண்பரிடம் பேசிவிட்டேன். மாத்திரையை நிறுத்துகிறேன் என்றார். சிகரெட்டைப் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. சாயங்காலம் நேரில் போய்ப் பேசப்போகிறேன்.

[9:49] நான்: போங்கள் மாமா. மாத்திரையை விட அதுதான் பெரிய விஷயம்.

மறுநாள்

[காலை 6:31] பெரியம்மா: நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இன்று காலையில் எட்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். ஒன்பதாவது முறை கையை ஊன்றிவிட்டேன். அதைச் சேர்க்கலாமா?

[6:33] நான்: சேர்க்கலாம் பெரியம்மா.