ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) "வீட்டில் விழுந்தது": எப்படித் திருத்த?

அண்ணாச்சிமாரே, தொழிலாளர் வழக்கு பார்க்கிற வக்கீல்களே, ஒரு உதவி வேணும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில். பெல்ட்டுக்கு மூடி கிடையாது. 35 வயசு ஆளுக்கு 2024 மே மாதம் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போயிட்டு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இல்லை, இருந்தா விபத்து நடந்தப்ப இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கேட்கவே முடியாது.

இழப்பீட்டுக் கணக்கு இது: சம்பள உச்சவரம்பு 15,000, அதில் 60 சதவீதம் 9,000. அதை வயசுக்கான காரணி 197.06-ஆல் பெருக்கணும். வர்ற தொகையில் இரண்டு விரலுக்கு 20 சதவீதம், ஆக 3,54,708 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி. முதலாளி 50,000 கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்காரு. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினா அதே சட்டம் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனா வெற்றுத்தாளில் பின்னால என்னத்தை எழுதுவாங்களோ!

சிக்கல் ஏ.ஆர். காப்பிதான். கூடப்போன மேஸ்திரி ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்தான்"னு சொல்லிட்டான். வருகைப் பதிவேடும் மில்லில்தான் இருக்கு. கையில் இருப்பது ஜிபே சம்பள வரவும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மட்டும்.

இப்படி ஒரு பதிவை இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற ஆணையர் முன்னால உடைச்சவங்க யாராவது இருக்கீங்களா? சக தொழிலாளி சாட்சி போதுமா, டாக்டரையும் கூப்பிடணுமா? பதிவேட்டை வரவழைக்கும் மனு மாதிரி இருந்தா அனுப்புங்க. மனுப்போட கெடு ரெண்டு வருஷம்தான்.