ஒரே செயல், ஒருத்திக்குத் தொல்லை, இன்னொருத்திக்கு மௌனம்: ஏன்?

கேள்வி – முதுகலை மாணவி, வேளச்சேரி:
ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் தோளில் கைபோட்டுப் பேசுவதை மணிப்பூர்த் தோழி உடனே தொல்லை என்று கண்டிக்கிறாள். மதுரைத் தோழியோ, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வாய் திறக்க மறுக்கிறாள். யாருடைய உணர்வை அளவுகோலாகக் கொள்வது?

மறுமொழி – பேராசிரியை, மயிலாப்பூர்:
இருவருடையதையும்தான் அம்மா. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த, மாணவியருக்கும் பொருந்தும் 2015 விதிமுறைகளும், அச்செயலை அப்பெண் விரும்பவில்லை என்பதையே அடிப்படையாக வைக்கின்றன.

மறுமொழி – ஆய்வு மாணவி, தாம்பரம்:
மதுரைத் தோழிக்கு உறைக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள், தோழி. நெரிசலான பேருந்தில் பையை மார்போடு அணைத்து நிற்கப் பழகியவளுக்கு எல்லாம் புரியும். சொன்னால் எதை இழப்போம் என்ற அச்சமே வேறுபடுகிறது.

மறுமொழி – பேராசிரியை:
மிகச் சரி. அவளிடம் இதைச் சொல்லுங்கள்: இத்தகைய புகார்களை விசாரிக்கக் கல்வி நிறுவனத்திலேயே இருக்கும் உள்ளகக் குழு அவள் பெயரை வெளியிடக் கூடாது, ஆனால் புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும்.