வயடக்ட்: 'தொடர்பாலம்' என்னும் சொல்லை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பெர்லின் நகர ரயில்பாதை பற்றிய கட்டுரைக்காக, வயடக்ட் (viaduct: வளைவுகள் அல்லது தூண்களின் வரிசைமேல் நீண்டு செல்லும் பாலம்) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக 'மேம்பாலம்', 'வளைவுப்பாலம்' ஆகிய இரண்டும் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. அந்தப் பாதையின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. 'தொடர்பாலம்' என்பதே என் பரிந்துரை.

மேம்பாலம் என்றால் ஒரு சந்திப்பில் ஏறி மறுபுறம் இறங்குவதுதான் நம் வழக்கு. பெர்லினிலோ, நகர விளிம்பில் தனித்தனியே வந்து நின்றுவிட்ட நெடுந்தூரப் பாதைகளை ஊருக்கு நடுவே இணைக்க வேண்டியிருந்தது. கட்டடக் கலைஞர் ஆகஸ்ட் ஓர்ட் 1871இல் அதற்கொரு திட்டம் தந்தார். தரையில் தண்டவாளம் இட்டால் தெருக்கள் துண்டுபடும் என்பதால், பொறியாளர் ஏர்ன்ஸ்ட் டிர்க்சனின் பொறுப்பில் 731 செங்கல் வளைவுகளை வரிசையாக எழுப்பி, உள்ளூர் வண்டிகளுக்கு இரண்டும் நெடுந்தூர வண்டிகளுக்கு இரண்டுமாக நான்கு தடங்களை அவற்றின்மேல் அமைத்தார்கள். உள்ளூர்ப் போக்குவரத்து 1882 பிப்ரவரி 7 அன்றும், நெடுந்தூரப் போக்குவரத்து மே 15 அன்றும் தொடங்கின.

வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கும் செலவைத் தவிர்க்க, பழைய கோட்டை அகழியான கோனிக்ஸ்கிராபனைத் தூர்த்து அதன் தடத்திலேயே ஒரு பகுதியைக் கட்டினார்கள். ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்துக்கும் யானோவிட்ஸ்புரூக்க நிலையத்துக்கும் இடையே பாதை இன்றும் நேராகச் செல்லாமல் வளைந்து போவது அதனால்தான். ஏதோ ஒன்றைக் கடந்து முடிந்துவிடாமல் ஊரின் ஊடே நீண்டு செல்வதுதான் இந்தக் கட்டுமானத்தின் இயல்பு. பெயரிலும் அது தெரிய வேண்டும்.

'வளைவுப்பாலம்' செவிக்கு இனிய சொல்தான். ஆனால் ஒற்றை வளைவில் நிற்கும் பாலத்துக்கும் அதுவே பெயர். மேலும், பெர்லினிலேயே தெருக்களுக்கு மேலே இரும்புப் பாலங்கள் உள்ளன. சென்னையின் பறக்கும் ரயில் கான்கிரீட் தூண்களின்மேல் செல்கிறது. இவை அனைத்துக்கும் பொதுச்சொல் ஒன்று வேண்டும்.

எனினும் வளைவை அடியோடு கைவிட எனக்கு மனமில்லை. அந்த வளைவுகளின் உட்பகுதியைச் சுவரெழுப்பி அடைத்து, கிடங்கு, குதிரை லாயம், கடை, மதுவிடுதி என்று வாடகைக்கு விட்டார்கள். சவிக்னிபிளாட்ஸ் நிலையத்தின் அருகே இன்றும் மேலே வண்டி ஓட, கீழே உணவகங்கள் நடக்கின்றன. அந்த இடத்துக்கு 'வளைவறை' என்று பெயரிடலாம்.

'தொடர்வண்டி' வழங்கும் கட்டுரைகளில் 'தொடர்பாலம்' ரயிலுக்கு மட்டும் உரியது என்ற மயக்கம் நேரலாம். அங்கே 'ரயில்' என்றே எழுதுவது தெளிவு. மெட்ரோ கட்டுமானத்தில் பணிபுரியும் நண்பர்கள் களத்தில் வழங்கும் தமிழ்ச்சொல் எதையேனும் அறிந்திருந்தால் தெரிவியுங்கள். அதையே முதலில் பரிசீலிக்கலாம்.